புரோட்டான் கற்றையும் மருத்துவப் படங்களும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர். புற்றுநோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு மருத்துவம் தேவைப்படுகிறது என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்காகும். எனவே கதிர்வீச்சு மருத்துவத்தில் நிகழும் கண்டுபிடிப்புகள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுபவை அல்ல. பொது நிதியை எதற்கு ஒதுக்குவது, எங்கே ஒதுக்குவது என்னும் திட்டமிடல் வினாக்களோடு நேரடித் தொடர்பு உடையவை.

கடந்த அரை நூற்றாண்டில் இத்துறையை மாற்றியமைத்த கண்டுபிடிப்புகள் இரு பிரிவினவாகும். ஒன்று, புரோட்டான் போன்ற மின்னூட்டத் துகள்களைக் கொண்டு கட்டியைத் தாக்கும் முறை. மற்றொன்று, உடலின் உட்பகுதியைப் படமாக்கி, அப்படங்களை எண்களாகச் சேமித்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்பும் முறை. இவை தனித்தனியே தோன்றியவை போலத் தெரிந்தாலும், ஒன்றின்றி மற்றொன்று முழுப்பயன் தந்திருக்க இயலாது. இவ்விரண்டின் வரலாற்றையும் செயற்பாட்டையும், நம் நாட்டிற்கு அவை எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எக்ஸ் கதிரின் குறைபாடு

இன்று மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படும் நேர்கோட்டு முடுக்கிகள் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களை உண்டாக்குகின்றன. கோபால்ட் கருவிகள் காமா கதிர்களைத் தருகின்றன. இக்கதிர்கள் உடலுக்குள் புகுந்ததும் தோலுக்குச் சற்றுக் கீழே தம் முழு வலிமையை அடைகின்றன. அதன் பின்னர் ஆழம் கூடக்கூடச் சிறிது சிறிதாகக் குறைகின்றன. பரவலாகப் பயன்படும் 6 மில்லியன் வோல்ட் எக்ஸ் கதிர் சுமார் ஒன்றரை செ.மீ. ஆழத்தில் உச்சத்தைத் தொடுகிறது, 10 செ.மீ. ஆழத்தில் அதன் அளவு உச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிறது. கட்டி 10 செ.மீ. ஆழத்தில் இருக்குமானால், அதற்கு முன்னுள்ள நலமான திசு கட்டியைவிட மிகுதியான கதிர்வீச்சைப் பெறும். கட்டிக்கு அப்பால் உள்ள திசுவும் தப்புவதில்லை. கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறுகிறது.

இக்குறையை ஈடு செய்யவே பல திசைகளிலிருந்து கதிர்களைச் செலுத்திக் கட்டியில் மட்டும் அவை ஒன்றுகூடுமாறு செய்கின்றனர். இதனால் கட்டிக்கு உரிய அளவு கிடைக்கிறது. ஆயினும் சுற்றியுள்ள திசுக்களில் சிறு அளவுக் கதிர்வீச்சு பரந்து படிகிறது. வளரும் குழந்தையின் உடலில் இத்தகைய படிவு வளர்ச்சிக் குறைபாட்டையும், பல ஆண்டுகள் கழித்து இரண்டாவது புற்றுநோயையும் உண்டாக்கக் கூடும்.

துகளின் தனிப்பண்பு

மின்னூட்டத் துகள்களின் நடத்தை வேறானது. ரேடியத்திலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்களை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஆராய்ந்துவந்த வில்லியம் ஹென்றி பிராக், 1904ஆம் ஆண்டு வாக்கில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். துகள் தன் பாதையின் பெரும்பகுதியில் சிறிதளவே ஆற்றலை இழக்கிறது. நிற்கும் நிலைக்கு வரும்போது மிகுதியான ஆற்றலைச் சட்டென வெளியிடுகிறது. இதன் காரணம் எளிது. துகள் விரைந்து செல்லும்போது, வழியிலுள்ள ஒவ்வோர் அணுவின் அருகிலும் அது இருக்கும் நேரம் குறைவு. வேகம் தணியத் தணிய அந்நேரம் கூடுகிறது. ஆற்றல் இழப்பும் கூடுகிறது. இந்த இறுதி உச்சத்திற்குப் பிராக் முகடு என்று பெயர். முகட்டிற்கு அப்பால் புரோட்டான் செல்வதில்லை.

எவ்வளவு ஆழத்தில் துகள் நிற்கும் என்பதை அதன் தொடக்க ஆற்றல் தீர்மானிக்கிறது. 70 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய புரோட்டான் நீரில் சுமார் 4 செ.மீ. ஆழம் வரை செல்லும். 150 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டில் சுமார் 16 செ.மீ.; 230 மில்லியனில் சுமார் 33 செ.மீ. எனவே ஆற்றலைத் தக்கவாறு தேர்ந்தால், உடலின் எந்த ஆழத்திலும் கற்றையை நிறுத்தலாம்.

வில்சனின் கட்டுரை

இப்பண்பை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வில்சன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்காக ஒரு சைக்ளோட்ரானை வடிவமைக்கும் பணி அவரிடம் வந்தது. கருவியைச் சுற்றி எவ்வளவு தடிப்பான காப்புச்சுவர் எழுப்ப வேண்டும் எனக் கணக்கிட்டபோது, புரோட்டான்கள் பொருள்களில் எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் வினா எழுந்தது. அந்தக் கணக்கே மனித உடலை நோக்கித் திரும்பியது. 1946இல் ஒரு கதிரியல் இதழில் வெளியான அவரது சிறு கட்டுரை, புரோட்டான் கற்றை ஆழத்திலுள்ள கட்டிக்கு ஏற்றது என்று காட்டியது. முகடு மிகக் குறுகியதாதலால் ஒரு கட்டியின் முழுத் தடிப்பையும் ஒரே ஆற்றலால் நிரப்ப இயலாது. இதற்கும் அக்கட்டுரையிலேயே அவர் வழி கூறினார்: வெவ்வேறு தடிப்புடைய சுழலும் சக்கரம் ஒன்றைக் கற்றையின் குறுக்கே வைத்தால், முகடு முன்னும் பின்னும் நகர்ந்து கட்டி முழுவதையும் மூடும். இந்த உத்தி பின்னர் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது.

1954இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் மருத்துவம் அளிக்கப்பட்டது. 1957இல் சுவீடனின் உப்சாலாவிலும், 1961இல் ஹார்வர்டிலும் இம்மருத்துவம் தொடங்கிற்று. 2002இல் மூடப்படும் வரை ஹார்வர்டு சைக்ளோட்ரானில் 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் மருத்துவம் பெற்றனர்.

ஆயினும் முதல் இருபது ஆண்டுகளில் மருத்துவம் செய்யப்பட்ட இடங்களை நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். பெர்க்லியில் முதலில் இலக்காகக் கொண்டது மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை. அச்சுரப்பி ஓர் எலும்புக் குழியில் அமர்ந்திருப்பதால் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்திலேயே அதன் இடத்தைக் குறிக்க முடிந்தது. எலும்பு அடையாளம் இல்லாத இடங்களில், கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. மில்லி மீட்டர் அளவில் நிற்கும் கற்றை கையில் இருந்தது. நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் கண் இல்லை. துகள் மருத்துவம் ஒரு படக்கருவிக்காகக் காத்திருந்தது என்றே கூற வேண்டும்.

உடலை எண்களாக்கிய கருவி

அந்தக் கருவிக்கான முதற்சிந்தனையும் கதிர்வீச்சு மருத்துவத்திலிருந்தே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1956இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகர மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சுப் பணியை மேற்பார்வையிட்ட இயற்பியலறிஞர் ஆலன் கார்மாக், நோயாளிக்கு அளிக்கவேண்டிய கதிரளவு கணக்கிடப்படும் முறையைக் கண்டு வியப்புற்றார். எலும்பும் நுரையீரலும் தசையும் வெவ்வேறு அடர்த்தி உடையவை. கணக்கோ உடல் முழுவதையும் ஒரே சீரான பொருளாகக் கொண்டது. உடலின் ஒவ்வொரு புள்ளியிலும் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வெளியிலிருந்தே அளந்தறிய இயலுமா என அவர் ஆராய்ந்தார். அதற்கான கணித வழியை 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அப்போது அதைக் கவனித்தவர் வெகு சிலரே.

கார்மாக்கின் பணியை அறியாமலேயே இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு அதே வினாவிற்குக் கருவி வடிவில் விடை கண்டார். 1968இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1971 அக்டோபர் முதல் நாள் லண்டனை அடுத்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை சி.டி. கருவியால் படமாக்கப்பட்டது. அப்படம் 80க்கு 80, அதாவது 6,400 புள்ளிகளால் ஆனது. 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இவ்விருவரும் பகிர்ந்து பெற்றனர்.

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். நீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1,000 என அமைந்த இவ்வளவுகோல் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்குகிறது. உடல் எண்களாக மாறிய பின்னரே கணிப்பொறி அதன்மீது கணக்கிட இயன்றது. கட்டியின் எல்லையை வரைந்து, கற்றை செல்லும் பாதையில் எத்தனை எலும்பு, எத்தனை தசை உள்ளதெனக் கூட்டி, தேவையான ஆற்றலைக் கணிப்பொறியே கூறும் நிலை உருவாயிற்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து ஹார்வர்டில் பணியாற்றிய குழுவினர் இம்முப்பரிமாணத் திட்டமிடல் முறைகளைச் செம்மைப்படுத்தினர். அவை பின்னர் சாதாரண எக்ஸ் கதிர் மருத்துவத்திற்கும் பரவின.

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். சி.டி. எண் எக்ஸ் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. புரோட்டான் எங்கே நிற்கும் என்பதைக் காட்டுவதன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணிக்கும்போது சிறு பிழை நேர்கிறது. அதனால் ஆழத்தில் சுமார் 3.5 விழுக்காடு ஐயம் இருப்பதாகக் கொண்டு திட்டமிடுவது பல மையங்களின் வழக்கம். 20 செ.மீ. ஆழத்தில் உள்ள கட்டிக்கு இது 7 மி.மீ. ஆகும். கற்றை 7 மி.மீ. முன்னதாக நின்றால் கட்டியின் ஓரம் தப்பிவிடும், 7 மி.மீ. கடந்து சென்றால் அடுத்துள்ள நரம்போ மூளைத் தண்டோ தாக்கப்படும். கூர்மையான கருவிக்குப் படத்தின் பிழை பெருங்கேடாகும். எக்ஸ் கதிர் மருத்துவத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை, துகள் மருத்துவத்தில் பொறுக்க இயலாததாகிவிடுகிறது.

மருத்துவமனைக்குள் வந்த முடுக்கி

சி.டி. கருவியின் வருகைக்குப் பின் துகள் மருத்துவம் இயற்பியல் கூடத்தை விட்டு மருத்துவமனைக்குள் புகுந்தது. 1990இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழக மருத்துவமனையில், நோயாளிகளுக்கென்றே அமைக்கப்பட்ட முதல் புரோட்டான் முடுக்கி இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கித் தந்தது ஃபெர்மி ஆய்வுக்கூடம்; அக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர், 1946இல் இம்மருத்துவத்தை முன்மொழிந்த அதே வில்சன். நோயாளியைச் சுற்றி எத்திசையிலிருந்தும் கற்றையைச் செலுத்தவல்ல பெருஞ்சுழல் தாங்கிகளும் அங்கே அமைக்கப்பெற்றன.

அடுத்த முன்னேற்றம் 1996இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் நிகழ்ந்தது. அதுவரை அகன்ற கற்றையை உலோகத் தகடுகளால் கட்டியின் வடிவிற்கு வெட்டிச் செலுத்தினர். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தகடு செய்ய வேண்டியிருந்தது. புதிய முறையில், எழுதுகோல் போன்ற மெல்லிய கற்றையைக் காந்தங்களால் அசைத்துக் கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்பினர். இதற்கு ஆயிரக்கணக்கான புள்ளிகளின் இடம், ஆற்றல், அளவு ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் தேவை. ஆகவே தகட்டின் இடத்தைத் தரவு பிடித்துக்கொண்டது எனலாம்.

புரோட்டானைவிட 12 மடங்கு நிறையுள்ள கரிம அயனிகளைப் பயன்படுத்தும் மருத்துவத்தை ஜப்பான் 1994இல் சிபா நகரில் தொடங்கியது. இவை பக்கவாட்டில் குறைவாகவே சிதறுகின்றன. உயிரணுவுக்கு விளைவிக்கும் சேதமும் மிகுதி. எனவே எக்ஸ் கதிர்களுக்கு எளிதில் பணியாத கட்டிகளுக்கு இவை பொருத்தமாகக் கருதப்படுகின்றன. ஆனால் செலவும் கட்டமைப்பும் பன்மடங்கு பெரியவை. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கரிம அயனிக்கென அமைந்த சுழல் தாங்கியின் எடை 600 டன்னுக்கும் மேல்.

படங்களுக்கு ஒரு பொது மொழி

1980களின் தொடக்கத்தில் மருத்துவப் படங்கள் பெருகின. அவற்றுடன் ஒரு தடையும் பெருகியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவியின் படங்களைத் தனக்கே உரிய முறையில் சேமித்தது. ஒரு நிறுவனத்தின் படத்தை மற்றொன்றின் கருவி படிக்க இயலவில்லை. ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த அறைகளில் இருந்த கருவிகளும் ஒன்றோடொன்று பேச இயலாத நிலை. இதைத் தீர்க்க, அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அந்நாட்டு மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983இல் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. 1985இல் முதல் தரநிலை வெளியாயிற்று. 1993இல் அது கணிப்பொறி வலைப்பின்னல்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டு, டைகாம் என்னும் பெயர் பெற்றது.

டைகாம் கோப்பில் படத்துடன் அதன் விவரங்களும் பிரிக்க இயலாதவாறு இணைந்திருக்கின்றன. நோயாளியின் பெயர், அடையாள எண், நாள் ஆகியவற்றோடு, இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு, வெட்டுப் பகுதியின் தடிப்பு, நோயாளி படுத்திருந்த நிலை ஆகியவையும் அதில் உண்டு. ஒவ்வொரு படத்திற்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. 1997இல் கட்டியின் எல்லை, சிகிச்சைத் திட்டம், கதிரளவுப் பரவல் ஆகியவற்றையும் இதே மொழியில் எழுத வகை செய்யப்பட்டது. 2006இல் துகள் மருத்துவத் திட்டங்களுக்கென ஒரு பகுதி சேர்ந்தது.

இப்படங்களின் அளவையும் எண்ணிப் பார்க்கலாம். இன்றைய சி.டி. படம் பொதுவாக 512க்கு 512 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கு 2 பைட்டுகள் எனில், ஒரு படம் சுமார் 5.2 லட்சம் பைட்டுகள். 200 படங்கள் கொண்ட ஒரு தொகுதி பத்துக் கோடி பைட்டுகளைத் தாண்டும். இது இன்றைய வலைப்பின்னலுக்குச் சுமையன்று. படச்சுருளைக் கையில் சுமந்து நோயாளி ஊர் ஊராக அலைய வேண்டிய கட்டாயத்தைத் தொழில்நுட்பம் நீக்கிவிட்டது. நிருவாக ஏற்பாடே எஞ்சியுள்ளது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவிற்குத் துகள் முடுக்கித் துறை புதியதன்று. கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் 1977இல் தன் முதற்கற்றையைத் தந்தது. அதே மையத்தைச் சார்ந்த 30 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் மருத்துவச் சைக்ளோட்ரான் 2018இல் இயங்கத் தொடங்கிக் கதிரியக்க மருந்துப் பொருள்களை உண்டாக்குகிறது. இந்த ஆற்றலில் புரோட்டான் திசுவினுள் ஒரு செ.மீ. ஆழம்கூடச் செல்லாது, எனவே ஆழத்திலுள்ள கட்டிகளுக்கான மருத்துவத்திற்கு அது உரியதன்று. புரோட்டான் மருத்துவம் நம் நாட்டில் 2019இல் சென்னையில் தனியார் துறையில் தொடங்கிற்று. பொதுத்துறையில், டாட்டா நினைவு மையத்தின் நவி மும்பை கார்கர் வளாகத்தில் 2023இல் தொடங்கியது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் என்னும் கோபால்ட் கருவி, குறைந்த செலவில் கதிர்வீச்சு மருத்துவத்தைப் பரப்புவதற்கு உதவும் உள்நாட்டு முயற்சியாகும்.

படத் தரவுத் துறையிலும் அடித்தளம் இடப்பட்டுள்ளது. மைய அரசு 2013இல் அறிவித்து 2016இல் திருத்திய மின்னணு நல ஆவணத் தரநிலைகள், படங்களுக்கு டைகாமை ஏற்றுள்ளன. 2012இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இணைந்துள்ளன.

யாருக்கு உரியது?

துகள் மருத்துவம் எல்லாப் புற்றுநோய்க்கும் சிறந்தது என்று கொள்வது தவறு. குழந்தைகளின் மூளை, தண்டுவடக் கட்டிகள், மண்டையோட்டின் அடிப்பகுதியில் தோன்றும் சில அரிய கட்டிகள், கண்ணின் உட்புறக் கட்டிகள் ஆகியவற்றில் இதன் தேவை பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. பெரியவர்களின் பல பொதுவான புற்றுநோய்களில் தரமான எக்ஸ் கதிர் மருத்துவத்தைவிட இது மேலானது என்பது ஐயமற நிறுவப்படவில்லை. புராஸ்டேட் புற்றுநோயில் இரு முறைகளையும் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனை ஒன்றின் முடிவு 2024இல் வெளியாயிற்று; குடல் செயல்பாடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தில் இரண்டிற்கும் வேறுபாடு காணப்படவில்லை.

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுபவை மார்பகம், வாய், கருப்பைவாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களே. இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது, உரிய காலத்தில், வீட்டிற்கு இயன்ற அளவு அருகில் கிடைக்கும் நேர்கோட்டு முடுக்கியோ கோபால்ட் கருவியோ ஆகும். புரோட்டான் மையம் ஒன்றிற்கு ஆகும் செலவில் இத்தகைய கருவிகள் பலவற்றை நிறுவலாம். ஆதலால் துகள் மையங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது முன்னேற்றத்தின் அளவுகோல் ஆகாது. இருக்கும் மையங்கள் உண்மையில் தேவையுள்ள நோயாளிகளைச் சென்றடைகின்றனவா என்பதே அளவுகோல்.

இவ்விடத்தில்தான் படத் தரவு அமைப்பு தன் முழுப் பொருளைப் பெறுகிறது. ஒரு மாவட்ட மருத்துவமனையில் மூளைக் கட்டியுடன் ஒரு குழந்தை சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். அக்குழந்தைக்குப் புரோட்டான் தேவையா என அறிய, பெற்றோர் ஆயிரம் கி.மீ. பயணம் செய்ய வேண்டியதில்லை. அங்கே எடுத்த சி.டி. படங்கள் டைகாம் வடிவில் மையத்தை அடைந்தால், வல்லுநர்கள் எக்ஸ் கதிர்த் திட்டம் ஒன்றும் புரோட்டான் திட்டம் ஒன்றும் வரைந்து, நலமான உறுப்புகள் பெறும் அளவை ஒப்பிட்டுக் கருத்துக் கூறலாம். பயன் மிகுதி எனில் குழந்தை மட்டும் வரலாம். இல்லையெனில் உள்ளூரிலேயே மருத்துவம் தாமதமின்றித் தொடங்கலாம். எவருக்கு முன்னுரிமை என்பதைப் பணமோ பரிந்துரையோ தீர்மானிக்காமல், அளவிடப்பட்ட பயன் தீர்மானிப்பதற்கும் இதுவே வழி.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, படம் எடுக்கும் முறையில் ஒழுங்கு. தடித்த வெட்டுகளாகவோ, அளவுத்திருத்தம் செய்யப்படாத கருவியிலோ எடுத்த படத்தைக் கொண்டு திட்டமிட இயலாது. மேலே கூறிய 7 மி.மீ. ஐயம் மேலும் பெருகும். இரண்டாவது, கொள்முதல் விதிகளில் உறுதி. பொது நிதியில் வாங்கப்படும் ஒவ்வொரு கருவியும் படங்களையும் திட்டங்களையும் முழுமையான டைகாம் வடிவில் வெளியிட வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்க வேண்டும். மூன்றாவது, பாதுகாப்பு. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் மருத்துவப் படச் சேமிப்பகங்கள் கடவுச்சொல்கூட இன்றித் திறந்து கிடந்ததை 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் வெளிப்படுத்தின. படத்தோடு பெயரும் பிறந்த நாளும் இணைந்தே செல்வதால், படம் கசிந்தால் நோயாளியின் அந்தரங்கமும் கசியும். 2023இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் பொறுப்பை மருத்துவமனை நிருவாகிகள் உணர்தல் வேண்டும்.

முடிவுரை

1946இல் வில்சன் எழுதிய கட்டுரைக்கும், அதன் முழுப்பயன் நோயாளிகளை அடையத் தொடங்கியதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியில் பெரிதும் இல்லாதிருந்தது வலிமையான முடுக்கியன்று, நம்பத்தக்க படம். அதே பாடம் இன்று வேறு வடிவில் நம் முன் நிற்கிறது. துகள் முடுக்கிகள் நாட்டில் ஒரு சில இடங்களிலேயே இருக்க முடியும். படத் தரவு அமைப்போ ஒவ்வொரு மாவட்டத்திற்கும் எட்டக்கூடியது. புரோட்டான் தேவைப்படாத பெரும்பான்மை நோயாளிகளுக்கும் பயன்படுவது. எனவே முதலீட்டு வரிசையில் அதற்கு முன்னிடம் தருவதே அறிவுடைமையாகும். மாவட்டத்தில் தரமான படமும் அதை அனுப்பும் வழியும் அமைந்துவிட்டால், கார்கரிலும் சென்னையிலும் உள்ள கற்றைகள் அவற்றின் அருகில் வாழ்பவர்களுக்கு மட்டுமன்றி, நாட்டின் எந்த மூலையிலும் உள்ள குழந்தைக்கும் உரியவையாகும்.